காய்தல், உலர்தல், இறுகுதல்: படகுப் பூச்சுகளுக்கு இடைப்பட்ட காலம் பற்றி ஒரு குறிப்பு

முனைவர் பட்ட ஆய்வுக்கான களப்பணியில் நான் செய்த ஒரு பிழையிலிருந்து இக்குறிப்பைத் தொடங்குகிறேன். சற்று நீளமான பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

மும்பைத் தமிழரிடையே வழங்கும் துறைமுகத் தொழிற்சொற்களைத் தொகுப்பது என் ஆய்வின் ஒரு பகுதி. மரப்படகுகளைச் செப்பனிடும் வேலைக்காகத் தயாரித்த வினாப்படிவத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன: பூச்சின் பெயர், அதில் சேரும் பொருள்கள், எத்தனை முறை பூசப்படும், காயும் நேரம். முதல் மூன்று கட்டங்களும் எளிதாக நிரம்பின. நான்காவது கட்டத்தில்தான் சிக்கல். ஒரே மனிதர், ஒரே பூச்சுக்கு, முதல் வாரம் "அரை நாள்" என்றார். மறு வாரம் "ஒரு மாசம்" என்றார். படிவத்தின் ஓரத்தில் "முரண்" என்று சிவப்பு மையால் எழுதி வைத்தேன்.

அவர் ஆண்டாப் ஹில்லில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்திலேயே வசிப்பவர். இளமையில் தூத்துக்குடியில் தோணிகளுக்குக் கலப்பத்து வேலை பார்த்துவிட்டு, பின்னர் மும்பைக்கு வந்து கப்பல்களுக்குச் சாயம் பூசும் வேலையில் ஓய்வு பெற்றவர். கோலிவாடா என்று முன்பு பெயர் பெற்றிருந்த குரு தேக் பகதூர் நகர் நிலையத்தில் ஏறி, துறைமுக வழித்தடத்தில் டாக்யார்டு ரோடு வரை பல ஆண்டுகள் போய்வந்தவர். எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. சிவப்பு மையைக் கண்டதும் கேட்டார்:

"தம்பி, நீங்க எதக் கேட்டீங்க? அடுத்த கோட்டு எப்ப வைக்கலாம்னு கேட்டீங்களா, இல்ல மேல பெயிண்ட் எப்ப அடிக்கலாம்னு கேட்டீங்களா? ரெண்டும் ஒண்ணா?"

முரண் அவர் விடையில் இல்லை. என் வினாவில் இருந்தது. "காயும் நேரம்" என்ற ஒற்றைத் தொடரில் இரு வேறு நிகழ்வுகளை நான் அடைத்து வைத்திருந்தேன். இந்தப் பிழையின் வழியாகக் கலப்பற்று வேலையின் வரலாற்றை மீண்டும் வாசித்தபோது கிடைத்தவற்றை இங்கே பகிர்கிறேன்.

1. இரண்டு இடைவெளிகள்

அண்ணாச்சி சொன்ன வேறுபாட்டைத் தெளிவாகக் காண, நம் கரைகளுக்குத் தொலைவிலுள்ள ஒரு படகை எடுத்துக்காட்டாகக் கொள்வது உதவும். வட அமெரிக்காவின் மேய்ன் பகுதியில், பிர்ச் மரப்பட்டையால் தொல்குடியினர் கட்டிய கனூ என்னும் இலேசான ஓடத்தைப் பின்பற்றி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரமும் கித்தானும் கொண்ட கனூக்கள் உருவாயின. மெல்லிய மரச்சட்டத்தின் மேல் கித்தான் துணியை இழுத்துக் கட்டுவார்கள். துணியின் இழைகளுக்கு இடையிலுள்ள துளைகளை அடைக்க ஒரு நிரப்புப் பசையைத் தேய்ப்பார்கள். ஆளிவிதை எண்ணெய், டர்பன்டைன், நுண்ணிய சிலிக்காத் தூள், வெள்ளீயம் எனப்படும் ஈயக் கார்பனேட்டு ஆகியவை சேர்ந்தது அப்பசை. அதன்மேல் சாயம்.

இப்பசையை இரண்டு மூன்று முறை தேய்க்க வேண்டும். ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையே சில மணி நேரம் போதும். மேற்பரப்பின் பளபளப்பு மங்கினால் அடுத்ததைத் தேய்க்கலாம். ஆனால் கடைசிப் பூச்சுக்கும் சாயத்துக்கும் இடையே நான்கு வாரமோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும். பழைய கனூக்களைப் புதுப்பிப்போர் அடிக்கடி தவறுவது இந்த இரண்டாம் இடைவெளியில்தான். அவசரப்பட்டுச் சாயம் பூசினால் சில மாதங்களில் மேற்பரப்பு சுருங்கும், வெடிக்கும், விரலால் அழுத்தினால் அடியில் மென்மை தெரியும்.

காரணம் வேதியியலில் உள்ளது. முதல் இடைவெளியில் நடப்பது ஆவியாதல். டர்பன்டைன் காற்றில் கலந்து வெளியேறுகிறது. பூச்சின் எடை குறைகிறது. இரண்டாம் இடைவெளியில் நடப்பது இதற்கு நேர்மாறானது. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிசனை உள்வாங்குகிறது, அதன் கொழுப்பு அமிலச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து வலைப்பின்னலாகின்றன, எடை கூடுகிறது. ஆக்சிசன் மேலிருந்து வருவதால் மேற்பரப்பு முதலில் தோல்கட்டுகிறது, அடிப்பகுதி பின்தங்குகிறது. அந்தத் தோலின் மேல் சாயத்தையும் ஏற்றிவிட்டால் அடியிலுள்ள எண்ணெய்க்குக் காற்று செல்லும் வழி மேலும் குறுகிவிடுகிறது.

எல்லா எண்ணெயும் இவ்வாறு இறுகுவதில்லை. இறுகும் திறனை ஏறத்தாழக் காட்டும் அயோடின் எண், ஆளிவிதை எண்ணெய்க்கு 170க்கு மேல். தேங்காய் எண்ணெய்க்கு 10 அளவுதான். தேங்காய் எண்ணெயைப் பலகையில் தடவி ஓராண்டு காத்திருந்தாலும் அது எண்ணெயாகவே இருக்கும். நம் கடற்கரைகளில் புழங்கிய புன்னை எண்ணெய் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. மீன் எண்ணெய்களோ மீனுக்கு மீன் மாறுபடுபவை. எனவே "எண்ணெய் பூசினார்கள்" என்று ஓர் ஆவணம் கூறும்போது, எந்த எண்ணெய் என்று தெரியாத வரை, எவ்வளவு காலம் காத்திருந்திருப்பார்கள் என்று நம்மால் கூற இயலாது.

மூன்றாவது வகையும் உண்டு. ஒகேனக்கல் பரிசல் நாம் அனைவரும் அறிந்தது. மூங்கில் பிளாச்சுகளால் பின்னிய கூடைக்கு முற்காலத்தில் தோல் போர்த்தினர். இப்போது சாக்கோ நெகிழித்தாளோ போர்த்தி உருக்கிய தாரைப் பூசுகின்றனர். கித்தான் கனூவுக்குத் தமிழ்நாட்டிலுள்ள மிக நெருங்கிய உறவு அதுவே. ஆனால் தார் ஆவியாவதுமில்லை, ஆக்சிசனுக்காகக் காத்திருப்பதுமில்லை. சூடு ஆறியதும் உறைந்துவிடுகிறது. பரிசல்காரருக்குத் தேவை அடுப்பு, நாட்காட்டி அன்று.

ஆங்கிலத்தில் இம்மூன்றையும் ஒரே வினைச்சொல்லால் குறிப்பது பேச்சு வழக்கு. என் படிவத்தின் "காயும் நேரம்" அந்த ஆங்கிலச் சொல்லின் நிழலாகவே அமைந்துவிட்டது. தமிழில் நமக்கு வினைகள் தனித்தனியே உள்ளன. துணி உலர்கிறது. நெய் உறைகிறது. சுண்ணாம்பு இறுகுகிறது. இவற்றின் பிறவினைகளை நோக்கினால் ஒரு செய்தி புலப்படும். உலர்வதை நாம் உலர்த்தலாம். உறைவதை உறைய வைக்கலாம். ஆனால் இறுகுவதை இறுக்குகிறோம் என்றால் பொருள் மாறி, கயிற்றையோ திருகையோ முடுக்குவதாகிவிடும். பூச்சைப் பொறுத்தவரை "இறுக விட வேண்டும்" என்றே சொல்கிறோம். "விடு" என்னும் துணைவினை செய்பவரை ஓரமாக நிற்கச் சொல்கிறது. கலப்பத்துக்காரரின் தொழிலறிவு பெரும்பாலும் இந்த ஓரமாக நிற்றலில்தான் இருக்கிறது.

2. கலப்பற்று என்னும் சொல்

பலகைகளின் இடைவெளியில் பஞ்சையோ நாரையோ திணித்து, பசை கொண்டு அடைத்து, நீர்க்கசிவைத் தடுக்கும் வேலை கலப்பத்து. பழைய தமிழ் அகராதிகள் இதனைக் "கலப்பற்று" என்று தருகின்றன. கலத்தைப் பற்றி நிற்பது என்று பிரித்துப் பொருள் கொள்ளத் தூண்டும் அழகிய வடிவம். ஆனால் இச்சொல் கடல்வழி வந்தது. போர்த்துகேய மொழியில் கலஃபாத்தே என்பது இவ்வேலை செய்பவரைக் குறிக்கும். அதன் மூலம் அரபுச் சொல் எனக் கொள்வர். 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, இந்தியத் துறைமுகங்களில் வழங்கிய கலாபத்தி என்னும் சொல்லை இதே வழியில் விளக்குகிறது. ஆக, மும்பையின் கலாபத்தியும் தூத்துக்குடியின் கலப்பத்தும் ஒரே சொல்லின் இரு கரைகள். அயற்சொல்லுக்கு உள்ளூர் வேரைக் கற்பித்துக்கொள்வதை மொழியியலில் நாட்டார் சொற்பிறப்பியல் என்போம். கலப்பற்று அதற்கு நல்ல சான்று.

அதே அகராதியில் இன்னொரு பதிவும் உண்டு: கல்கல். சுண்ணாம்பையும் ஆளிவிதை எண்ணெயையும் கலந்து செய்யும், நீர் புகாத சாந்து. 1621இல் சப்பானின் ஹிராடோவிலிருந்த ஆங்கில வணிகர் ரிச்சர்டு காக்ஸின் நாட்குறிப்பில் இது இடம்பெறுகிறது. அவர்கள் வாடகைக்கு எடுத்த வீட்டில் இச்சாந்தைத் தயாரித்தபோது, வெண்சுண்ணத் தூள் அண்டை வீட்டு இசைக்கலைஞருக்குத் தொல்லை தருகிறது என்று அங்குள்ள அதிகாரி நிறுத்தச் சொன்னாராம். கப்பல் சாந்தின் வரலாற்றில் உழைப்பின் தூசு பதிவான அரிய இடம் இது.

இவ்வகைச் சாந்து அதற்கும் மூத்தது. பாண்டிய நாட்டுக் காயலைக் கண்டு எழுதிய மார்க்கோ போலோ, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவுக்கு வந்துபோன சீனக் கப்பல்களையும் விவரிக்கிறார். அவற்றுக்குக் கீல் பூசுவதில்லை. சுண்ணாம்பையும் நறுக்கிய சணலையும் ஒருவகை மர எண்ணெயுடன் பிசைந்து பூசுவார்கள். அது பசைபோல் பிடித்துக்கொள்ளும் என்கிறார். ஓர்மூசில் கயிற்றால் தைத்த கப்பல்களுக்கு மீன் எண்ணெய் தடவுவதையும் அவர் குறிப்பிடுகிறார். பொருள்கள் உள்ளன, கலக்கும் முறை உள்ளது, எத்தனை நாள் விட வேண்டும் என்பது மட்டும் அந்த விவரிப்பில் இல்லை.

சுண்ணாம்புச் சாந்தின் கால அளவு கித்தான் கனூவின் பசையைவிடச் சிக்கலானது. சுண்ணாம்பு எண்ணெயின் கொழுப்பு அமிலங்களோடு வினைபுரிந்து நீரில் கரையாத கால்சியச் சோப்பாகிறது. எஞ்சிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்லக் கல்லாகிறது. அதற்கு ஓரளவு ஈரம் வேண்டும். எண்ணெய் இறுகுவதற்கோ மிகுந்த ஈரம் தடை. ஒரே சாந்தில் ஈரத்தை வேண்டும் பொருளும் வேண்டாத பொருளும் உடனிருக்கின்றன. இன்ன நாளில் ஆகிவிடும் என்று இதற்கு ஒரே எண்ணைச் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுவே.

3. பம்பாயில் இரண்டு மழைக்காலங்கள்

ஆண்டாப் ஹில்லிலிருந்து தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் பழைய பம்பாய்க் கப்பல்கட்டும் துறை உள்ளது. 1736இல் சூரத்திலிருந்து வந்த லவ்ஜி நசர்வான்ஜி வாடியாவின் வழியினர் அங்கே தலைமைத் தச்சர்களாக விளங்கினர். மேற்குக் கரைக் கப்பல்களின் பலகைகள் வெறுமனே விளிம்போடு விளிம்பு ஒட்டப்படவில்லை. தவாளிப்பு வெட்டி ஒன்றனுள் ஒன்றாகப் பொருத்தப்பட்டன. இடையே குங்கிலியமும் பஞ்சும் வைக்கப்பட்டன. குங்கிலியத்தைச் சூடாக்கி உருக்கித்தான் பூசுவர். அது பரிசலின் தாரைப் போலவே ஆறி உறைவது. பொருத்தும் தச்சரின் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் பொருள் அங்கே தேவைப்பட்டது; வாரக்கணக்கில் இறுகும் எண்ணெய்ச் சாந்து அந்த இடத்துக்கு ஒத்துவராது. எந்தப் பொருளைத் தேர்ந்தார்கள் என்பதிலேயே கால அளவு பற்றிய முடிவும் அடங்கியிருந்தது என்று கொள்ளலாம்.

அத்துறையில் கட்டிய ஒரு கப்பலின் பெயர் தமிழருக்கு நெருக்கமானது: ட்ரின்கோமலி. 1782இல் திருகோணமலை அருகே நடந்த கடற்போரின் நினைவாக அப்பெயர் இடப்பட்டது. அதன் வரைபடங்களை ஏற்றிவந்த ஜாவா என்னும் போர்க்கப்பலை 1812 டிசம்பரில் அமெரிக்கர் கைப்பற்றியதால், வேறொரு படி இலண்டனிலிருந்து மீண்டும் அனுப்பப்பட்டது. 1816 மே மாதம் வேலை தொடங்கியது. தலைமைத் தச்சர் ஜம்சேட்ஜி பொமன்ஜி வாடியா, பார்சி மரபுப்படி ஏராமரத்தில் வெள்ளி ஆணி அறைந்தார். 1817 அக்டோபர் 12 அன்று கப்பல் நீரில் இறங்கியது. மலபார்த் தேக்கால் ஆன அக்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது.

இந்தத் தேதிகளை மீண்டும் நோக்குங்கள். மே 1816 முதல் அக்டோபர் 1817 வரை 17 மாதங்கள். தொடங்கியது ஒரு மழைக்காலத்தின் வாசலில். முடிந்தது அடுத்த மழைக்காலம் ஓய்ந்த பின். இரண்டு பம்பாய் மழைக்காலங்கள் அக்கட்டுமானத்தின் ஊடே வந்துபோயின. கப்பல் பட்டியல்களில் டன் அளவும் தச்சரின் பெயரும் நீரிலிறக்கிய நாளும் வரிசையாக நிற்கின்றன. கலாபத்தி எழுந்து, வானத்தைப் பார்த்து, "இன்றைக்கு வேண்டாம்" என்று திரும்பிய நாள்களுக்கு அவற்றில் வரிசை இல்லை. அந்நாள்களில் பொருள் எதுவும் செலவாகவில்லை. வேலை எதுவும் நடக்கவில்லை. செலவாகாததையும் நடக்காததையும் கணக்கேடு எழுதுவதில்லை.

தமிழில் காலத்தைப் பற்றி எழுதப்படாமல் இல்லை. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950இல் வெளியிட்ட "கப்பல் சாத்திரம்" ஏராமரம் வைப்பதற்குரிய நல்ல நாள்களைப் பேசுகிறது. மரத்தின் சுழிகளுக்குப் பலன் கூறுகிறது. தொடங்கும் நாளுக்குச் சாத்திரம் அமைந்தது. இடையில் காத்திருக்கும் நாள் கலப்பத்துக்காரரின் கட்டைவிரலிலும் மூக்கிலும் தங்கியது.

4. இரண்டு கடற்கரைகள், அறுபத்தொரு நாள்

இது கடந்தகாலச் செய்தி மட்டும் அன்று. இன்று இந்தியாவின் இரு கரைகளிலும் மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். தமிழகம் உள்ளிட்ட கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மராட்டியம் உள்ளிட்ட மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மீன்களின் இனப்பெருக்கத்தை முன்னிட்டு வகுக்கப்பட்ட இக்காலமே விசைப்படகுகளைக் கரையேற்றிச் செப்பனிடும் காலமும் ஆகிறது.

எண் ஒன்று, வானம் வேறு. தூத்துக்குடியில் அது சித்திரை, வைகாசி வெயில். மும்பையில் அது ஆண்டின் மிக ஈரமான காலம். ஜூலை மாதத்தில் மட்டும் சாந்தாகுரூசில் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சிவ்ரியிலும் பிற கோலிவாடாக்களிலும் நீலத் தார்ப்பாய்க்கடியில் படகுகள் காத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். நான்கு வாரம் இறுக வேண்டிய ஒரு பூச்சை 61 நாளுக்குள் வைத்தால் மற்ற எல்லா வேலைக்கும் 33 நாள்தான் மிஞ்சும். அந்த நான்கு வாரமும் மும்பை ஈரத்தில் ஐந்தாகலாம், ஆறாகலாம். நாரளி பௌர்ணமியன்று கடலுக்குத் தேங்காய் படைத்துவிட்டுப் புறப்படும் கோலி மரபு பூச்சின் பொருட்டு எழுந்தது என்று நான் கூறவில்லை. ஆனால் தடை முடிந்தும் சில நாள் பொறுத்துச் செல்லும் வழக்கம் பூச்சுக்கும் உதவியிருக்கும்.

வெயிலும் எளிதன்று. அண்ணாச்சி சொன்னார்: "சித்திர வெயில்ல மத்தியானம் கோட்டு வச்சா மேல காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள பச்சையாக் கெடக்கும். காலைல வச்சு, ஓலைய மறைப்பாக் கட்டணும்." விரைந்து தோல்கட்டினால் அடிப்பகுதி பின்தங்கும் என்று மேலே வேதியியலின் மொழியில் எழுதியதை அவர் "பச்சை" என்ற ஒரு சொல்லில் முடித்துவிட்டார். பச்சை மண், பச்சை மரம், பச்சைப் புண்: வெளித்தோற்றம் எப்படி இருப்பினும் உள்ளே இன்னும் ஆகாதது பச்சை.

சோதனை முறையும் கேட்டேன். கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் தடம் விழக்கூடாது. எண்ணெய் வாடை நின்றிருக்க வேண்டும். இரண்டில் எது முக்கியம் என்றேன். "வாடைதான். நகம் மேலத்தான் சொல்லும். மூக்கு உள்ளத்தச் சொல்லும்." எண்ணெய் ஆக்சிசனேற்றம் பெறும்போது ஆவியாகும் சிறு மூலக்கூறுகளே அந்த வாடை, அது ஓய்ந்தால் வினையும் தணிந்திருக்கும். தம் மூக்கு இப்போது முன்போல் வேலை செய்வதில்லை என்றும் அவர் சொன்னார். அந்த வாடை எப்படி இருக்கும் என்று எனக்கு விளக்க முயன்று, வெகுநாள் திறந்துகிடந்த எண்ணெய் டின் போல் என்று தொடங்கி, "அதுவுமில்ல" என்று நிறுத்திக்கொண்டார்.

5. தலைகீழான காலம்

இன்று பல மரப்படகுகளுக்கு மேல் கண்ணாடியிழை போர்த்தப்படுகிறது. பாலியெஸ்டர் ரெசினில் ஹார்டனரைக் கலந்தால் சில மணி நேரத்தில் அது கெட்டியாகிவிடுகிறது. காத்திருப்பு ஒழிந்தது என்று தோன்றும். உண்மையில் அது தலைகீழாகியிருக்கிறது. ரெசினின் மேற்பரப்பு சற்றே ஒட்டும் தன்மையோடு இருக்கும்போதே அடுத்த அடுக்கை வைத்தால் இரண்டும் வேதியியல் முறையில் பிணையும். நாள் கடந்துவிட்டால் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய பின்னரே வைக்க வேண்டும், இல்லையேல் உரியும். எண்ணெய்ச் சாந்தில் அவசரம் குற்றம். ரெசினில் தாமதம் குற்றம். எண்ணெயில் பழகிய கை ரெசினிடம் தவறுவதும், ரெசினில் பழகிய கை எண்ணெயிடம் தவறுவதும் இதனால்தான். அத்தவறு பல மாதங்கள் கழித்து, கடலில், நீர் கசியும்போதுதான் தெரியவரும்.

என் படிவத்தில் "முரண்" என்ற சொல்லை அடித்துவிட்டு, நான்காவது கட்டத்தை நான்காகப் பிரித்திருக்கிறேன்: அடுத்த பூச்சு எப்போது? மேற்பூச்சு எப்போது? ஆகிவிட்டது என்பதை எதைக் கொண்டு அறிவீர்கள்? எந்தப் பருவத்தில், எந்தக் கரையில்? முன்பு பேசிய அனைவரிடமும் மீண்டும் செல்ல வேண்டியுள்ளது. ஆய்வுக் காலம் அதனால் நீளும். ஆயினும், பொருளின் பெயரை மட்டும் தொகுத்துவிட்டு அது ஆகும் காலத்தை விட்டுவிட்ட சொற்றொகுதி, பச்சையாக இருக்கும்போதே மேற்பூச்சு பெற்ற படகுக்கு ஒப்பானது.

களப்பணிக்குச் செல்லும் மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். தகவலாளர் இரு வேறு விடை தரும்போது "முரண்" என்று எழுதும் முன், வினாவில் எத்தனை வினைச்சொற்கள் ஒன்றாகிவிட்டன என்று பாருங்கள். பாம்பன், நாகை, கடலூர், வல்வெட்டித்துறை, கொளச்சல் என எந்தக் கரையினராயினும், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பூச்சு ஆகிவிட்டதைக் குறிக்க வழங்கும் சொல் இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். எந்தப் பூச்சுக்கு, எந்த மாதத்தில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த வாடைக்கு ஒரு பெயர் யாரிடமாவது இருந்தால் அதை முதலில் எழுதுங்கள்; அண்ணாச்சியிடம் வாசித்துக் காட்ட வேண்டும்.